வாய் திறக்காத பிள்ளைகளின் டீச்சர்

போன செவ்வாய்க்கிழமை காலை, பூந்தமல்லியில் நான் இப்போது தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். ஆவடியில் நான் முன்பு வேலை பார்த்த நம் பள்ளிக்கூடத்து கிளார்க் தாமோதரன் பேசினார்.

"டீச்சர், தேசம்மா டீச்சர் போயிட்டாங்க."

"எங்க போயிட்டா?" என்று கேட்டேன்.

உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். எங்கோ போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், ஏதோ தாளில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, அதற்காக என்னைத் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தாமோதரன், "மைதானத்துலயே, டீச்சர்" என்றார். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. என்னைவிட மூன்று வயது சின்னவள்.

இரங்கல் கூட்டத்தில் நீங்கள் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், பேச வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். அவளோடு வேலை பார்த்தவர்களும் அவளிடம் படித்தவர்களும்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் அவளுக்கும் நடுவில் நடந்த ஒன்று மட்டும் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் இருந்தால் அவளுக்குச் செய்யும் மரியாதையாகாது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. காலை முதல் பீரியடில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களோடு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது கோட்டில், "ஒரு நிமிசம் இருங்க புள்ளைங்களா" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்துவிட்டாள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பதிமூன்று, பதினான்கு வயதுப் பெண்கள். ஒருத்தி தலைமையாசிரியை அறைக்கு ஓடியிருக்கிறாள். இரண்டு பேர் டீச்சரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டைத் தாண்டிப் போய் நடு ரோட்டில் கைகளை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அவள் நிறுத்திய வேனின் டிரைவர் சாவு வீட்டுக்கு வந்திருந்தார். "எனக்கு யாரு எவருன்னே தெரியாது" என்றார். "அந்தப் பொண்ணு அழல, கத்தல. அண்ணா, எங்க டீச்சருக்கு மூச்சு வரல, ஆசுபத்திரிக்கு இட்டுகினு போகணும், வண்டிய உள்ள திருப்புங்கன்னு சொல்லிச்சு. பெரிய மனுசி மாதிரி சொல்லிச்சு. நான் திருப்பிட்டேன்."

அவர் திருப்பியும் பயன் இல்லை. போகிற வழியிலேயே உயிர் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். மாரடைப்பு.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு பஸ்ஸில் போகும்போது எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவள். விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுக்க நான்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கு அன்றைக்கு ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். "அடுத்த வருசமா? சரி வடிவு, நான் எழுதி வச்சிக்கினேன், ஏமாத்தக் கூடாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரைக்கும்கூட நான் போகவில்லை. கையில் குழம்புக் கரண்டி இருந்தது.

வீட்டில் அவள் கணவர் ஏகாம்பரம், ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவில் மெக்கானிக், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "காலைல திட்டிகினுதான் போனா டீச்சர். சோத்து டப்பாவ நேத்து டெப்போல மறந்து வச்சிட்டு வந்துட்டேன்னு அந்தத் திட்டு. சாயந்தரம் வந்து மீதியத் திட்டறேன்னா." சொல்லிவிட்டு, மீதி எங்கே என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

அவள் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். பக்கத்து ஊர் முத்தாபுதுப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். விளையாட்டு ஆசிரியைப் பயிற்சி முடித்து, கழுத்தில் விசிலோடு ஆசிரியர் அறைக்குள் வந்து, "இன்னா, எல்லாரும் நல்லா கீறீங்களா?" என்று கேட்டாள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் திருநெல்வேலிக்காரி. பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவரோடு குவார்ட்டர்ஸில் குடியிருந்தவள். என் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரித்த காலம் ஒன்று உண்டு. அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அப்போதிருந்த தலைமையாசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆசிரியை மாதிரிப் பேசப் பழகிக்கொள்ளச் சொன்னார். அவள் மறுக்கவில்லை. "கத்துக்கிறேம்மா. ஆனா கிரவுண்டுல மட்டும் என்னை உட்டுடுங்க. அங்க கீற பாதிப் புள்ளைங்க ஊட்ல இப்படித்தான் பேசறாங்க. நானும் வேற மாதிரி பேசினா, அதுங்க யார்கிட்ட வாயத் தெறக்கும்?" என்றாள்.

அந்தப் பாதிப் பிள்ளைகள் யார் என்று அதுவரை நான் யோசித்ததே கிடையாது. நம் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகைப் பிள்ளைகள் படித்தார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் முன்வரிசை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள், வீட்டில் செய்தித்தாள், கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லும் பழக்கம். கோவில்பதாகை, முத்தாபுதுப்பேட்டை என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பின்வரிசை. வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்பதோடு அவர்கள் குரல் அன்றைக்கு முடிந்துவிடும். அவர்களை யாரும் பின்னால் உட்காரச் சொன்னதில்லை. தாங்களாகவே போய் உட்கார்ந்துகொள்வார்கள், நாங்களும் விட்டுவிடுவோம்.

தேசம்மா ஒரு நோட்டில் பெயர்கள் எழுதிக்கொண்டே வந்தாள். அவள் கையெழுத்து யாருக்கும் புரியாது. அவளுடைய ஆண்டறிக்கையைப் பதினோரு வருஷம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த நோட்டில் என்ன என்று கேட்டேன். "வாய் தெறக்காத புள்ளைங்க" என்றாள். நூற்றுச் சொச்சம் பெயர்கள். அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனாள். காலைக் கூட்டத்தில் வருஷம் முழுக்க நான்கே பேர்தான் மாறி மாறிச் செய்தி வாசிக்கிறார்கள், அந்த நான்கு பேருக்கும் ஏற்கெனவே பேசத் தெரியும், இனிமேல் இந்த நோட்டில் இருக்கிறவர்களை ஏற்ற வேண்டும் என்றாள்.

முதல் நாள் ஏறியவன் ஏழாம் வகுப்பு ஏழுமலை. மைக் முன்னால் நின்றான். வாய் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் போய் அவனை இறக்கிவிடலாம் என்று நகர்ந்தேன். தேசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிக்கட்டும் டீச்சர். ஆயிரம் பேரு எதிர நிக்கறதே பாதி வேலை." அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தன் பெயரையும் வகுப்பையும் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். அன்று மாலை அவள் தன் நோட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். மூன்று மாதம் கழித்து அதே பையன் மேடையில் அவன் அப்பாவின் எருமை தொலைந்த கதையைச் சொன்னான். அவன் வீட்டுப் பேச்சிலேயே சொன்னான். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்க வைத்ததால் சிரித்தார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் நானும் அவளும் ஆரம்பத்திலிருந்தே சிநேகிதிகள் என்று நினைக்க வேண்டாம். ஐந்தாறு வருஷம் சண்டைக்காரிகளாகத்தான் இருந்தோம். பத்தாம் வகுப்பு விளையாட்டுப் பீரியடை எல்லாம் நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வேன். பொதுத்தேர்வில் கணக்கில் யாரும் தோற்கக் கூடாது, அது என் கௌரவம். ஒரு நாள் வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், என் பீரியடக் குடுங்க" என்றாள். பிள்ளைகளுக்கு எதிரே கேட்டதில் எனக்கு அவமானம். தலைமையாசிரியையிடம் போனேன். அவர் என் பக்கம்தான் பேசினார். மறுநாளிலிருந்து தேசம்மா காலை ஏழரை மணிக்கே மைதானத்துக்கு வந்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாள். குவார்ட்டர்ஸ் பெண்களும் ஊர்ப் பெண்களும் ஒன்றாக ஓடினார்கள். எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. ஏழரை மணிக்கு நான் அடுப்படியில் இருந்தேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பவானி என்று கோவில்பதாகைப் பெண் ஒருத்தி இருந்தாள். கணக்கில் முப்பது, முப்பத்தைந்து வாங்குகிறவள். அரையாண்டுத் தேர்வில் எண்பத்தெட்டு வாங்கினாள். எனக்குச் சந்தேகம். அவளுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிய சுதாவின் தாளை எடுத்துப் பார்த்தேன். சுதா குவார்ட்டர்ஸ் பெண், எப்போதும் முதல் மதிப்பெண். இரண்டு குழாய்கள் ஒரு தொட்டியை நிரப்பும் கணக்கு ஒன்று கொடுத்திருந்தேன். ஒரு குழாய் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று பதினைந்து மணி நேரத்தில். நான் பின்னத்தில்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். இந்த இரண்டு பெண்களும் 'தொட்டி அறுபது குடம் பிடிக்கும் என்க' என்று ஆரம்பித்திருந்தார்கள். வகுப்பில் வேறு யாரும் அப்படிப் போடவில்லை. அந்தக் 'குடம்' போதும் எனக்கு.

வகுப்பு நடுவில் பவானியை எழுப்பி நிற்கவைத்தேன். "யாரைப் பார்த்து எழுதின?" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாத" என்றேன். அவள் தாளை நான்காகக் கிழித்து மேஜைமேல் போட்டேன். சுதா எழுந்தாள், அவளையும் உட்காரச் சொல்லிவிட்டேன். பவானி மணி அடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

நான்காம் நாள் தேசம்மா ஆசிரியர் அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "பவானி ஊட்டுக்குப் போயிருந்தேன். இனிமே இஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு சொல்லிகினு கீது. அம்பத்தூர்ல ஒரு கம்பெனில சேத்து உடறேன்னு அவங்க அப்பா சொல்றாரு."

"பார்த்து எழுதினா அப்படித்தான்."

"அது பாத்து எழுதலன்னு சொல்லுது. நீங்க கேட்டீங்களா?"

"கேக்கதுக்கு என்ன இருக்கு? ரெண்டு தாளும் ஒண்ணா இருக்கு."

"கேக்கல. அதான?" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை என் வகுப்பு வாசலில் பவானி நின்றாள். பின்னால் தேசம்மா. நான் தேசம்மாவைப் பார்த்தேன். அவள், "நான் எதுவும் பேச மாட்டேன். அதுக்கு வாய் கீது" என்று சொல்லி இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பவானி ஓரடி முன்னால் வந்தாள். "டீச்சர், எனக்கு வேற ஒரு கணக்கு குடுங்க. இப்பவே போர்டுல போடறேன்" என்றாள்.

அவள் முகத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். மூன்றாவது குழாய் ஒன்று இருபது மணி நேரத்தில் தொட்டியைக் காலி செய்யும், மூன்றும் ஒன்றாகத் திறந்திருந்தால் தொட்டி எப்போது நிரம்பும் என்று கேட்டேன். வகுப்பில் நான் நடத்தாத கணக்கு. அவள் சாக்பீஸை எடுத்தாள். "அறுபது குடம்னு வச்சிக்கலாம் டீச்சர். மொதக் குழாய் மணிக்கு அஞ்சு குடம் ஊத்தும், ரெண்டாவது நாலு. மூணாவது மூணு குடத்த வெளிய உடும். மணிக்கு ஆறு குடம் தங்கும்" என்று பேசிக்கொண்டே போட்டாள். "பத்து மணி நேரம்" என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். சுதா இப்போது அனுமதி கேட்காமலே எழுந்தாள். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் அவள் அப்பா சொல்லிக்கொடுத்த முறையாம். அவளும் பவானியும் தொடரோட்ட அணியில் இருந்தார்கள். காலையில் ஓடி முடித்து மூச்சு வாங்க உட்காரும் நேரத்தில், சுதா குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். நான் பறித்துக்கொண்ட பீரியடுக்குப் பதிலாகத் தேசம்மா உண்டாக்கிய அந்த ஒரு மணி நேரத்தில் பவானி கணக்குக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அன்று மதியம் பவானியை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, தப்பு நடந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று மெதுவாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். முடிந்தது என்று நினைத்தேன். தேசம்மா கேட்டாள், "தாள எங்க கிழிச்சீங்க?"

"வகுப்புல."

"அப்ப சொல்றதையும் அங்கதான் சொல்லணும்."

"நாப்பத்தஞ்சு பிள்ளைங்க முன்னால நான் மன்னிப்பு கேக்கணுமா? நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?"

"அது நாப்பத்தஞ்சு பேரு எதிர திருடி மாதிரி நின்னுச்சே, நாளைக்கு அத எவன் மதிப்பான்?"

பத்து நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன், புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன். பவானி தன் தாளைத் தானே எழுதினாள், நான் விசாரிக்காமல் கிழித்தது தப்பு, எல்லோர் எதிரிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். என் புடவை முதுகில் நனைந்துவிட்டது. பவானி எழுந்து, "பரவால்ல டீச்சர்" என்றாள். உட்காரவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்ப அந்த எம்பத்தெட்டு எனக்கு உண்டா டீச்சர்?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும்தான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளைகள் அதிகமானார்கள். யாரும் என்னை மதிக்காமல் போகவில்லை. பத்தாம் வகுப்பு விளையாட்டுப் பீரியடை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேசம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'டீச்சர்' என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து 'வடிவு' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அவளிடம் குறைகள் இல்லையா? இருந்தன. கோபம் வந்தால் எதிரில் யார் என்று பார்க்க மாட்டாள். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம், "உக்காந்துகினு கேக்காதீங்க சார், வந்து ஒரு ரவுண்டு ஓடிப் பாத்துட்டுக் கேளுங்க" என்று சொல்லி விளக்கக் கடிதம் கொடுத்தாள். எழுதியது நான், கையெழுத்து அவளுடையது. எந்தப் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்துக்கொண்டதில்லை. தன் நெஞ்சு வலியை வாயு என்று சொல்லி ஆறு மாதமாக ஓமம் மென்றுகொண்டிருந்தாள் என்று இப்போதுதான் ஏகாம்பரம் சொன்னார். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் வாய் திறக்க வைத்தவள், தன் வலியைப் பற்றி எங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். நான் பார்த்தேன். காரம் அதிகமா என்று கேட்டேன்.

சாவு வீட்டுக்குப் பவானியும் வந்திருந்தாள். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேசம்மாவைத் தூக்கும்போது, ரோட்டில் வேனை நிறுத்திய அந்தச் சின்னப் பெண் திடீரென்று சத்தம் போட்டு அழுதாள். அதுவரை அவள் அழவில்லையாம். பவானி என் கையை விட்டுவிட்டு அவளிடம் போனாள்.

மறுநாள் ஏகாம்பரம் அவளுடைய பொருள் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். எடுத்துக்கொண்டால் அவள் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் வகுப்புக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை பாதியில் விட்ட பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை. போர்டில் போட்டுக்கொண்டே போனேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

"டீச்சர், அந்த நாலாவது வரி தப்பு."

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முதலில் வருவது அதுதான். திரும்பிப் பார்த்தேன். தப்புத்தான்.

"ஆமா, நான் போட்டது தப்பு. நீ சொன்னதுதான் சரி" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்புறம் அந்த வரியை அழித்துத் திருத்தினேன்.

தப்பு செய்த இடத்திலேயே நின்று, அதைப் பார்த்தவர்கள் எதிரிலேயே ஒப்புக்கொள்வது. தேசம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.